மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு: முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்

முட்டி மாற்று அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் நாளே பல வீடுகளில் ஒரு தவறு நடந்துவிடுகிறது. கட்டிலில் படுத்திருப்பவர் கால் வலிக்கிறது என்கிறார். மகளோ மருமகளோ பதறிப்போய் ஒரு தலையணையை எடுத்து முட்டிக்கு அடியில் கொடுக்கிறார். வலி உடனே குறைகிறது. அதனால் அந்தத் தலையணை இரவு பகலாக அங்கேயே தங்கிவிடுகிறது.

வலி குறைவது உண்மைதான். வீங்கிய மூட்டு லேசாக மடங்கியிருக்கும்போது உள்ளே இருக்கும் நீருக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் முட்டிக்குப் பின்புறம் உள்ள சவ்வும் தொடையின் பின்தசையும் அந்த மடங்கிய நிலையிலேயே சுருங்கி இறுகுகின்றன. சில வாரங்களில் கால் முழுதாக நீளாது. பத்து டிகிரிதானே என்று விடக் கூடாது. நேராக நீண்ட காலில் நிற்கும்போது எடையை எலும்பு தாங்கிக்கொள்ளும். தசைக்கு வேலை குறைவு. நீளாத காலில், நிற்கும் நேரமெல்லாம் முன்தொடைத் தசை இழுத்துப் பிடித்தே ஆக வேண்டும். சீக்கிரம் களைத்துவிடும். கால் குட்டையானதுபோல ஆகித் தாங்கித் தாங்கி நடப்பார்கள், பிறகு இடுப்பும் வலிக்கும், மறுகால் முட்டியும் வலிக்கும்.

தலையணை வைத்தே ஆக வேண்டுமென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். ஒரு துண்டை உருட்டிக் குதிகாலுக்குக் கீழே கொடுத்தால் முட்டி அந்தரத்தில் நிற்கும், தன் எடையிலேயே மெல்ல நீளும். 10 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை. அந்த நிலையிலேயே தொடையை இறுக்கி, முட்டியைக் கட்டில் பக்கமாக அழுத்தி, ஐந்து எண்ணும்வரை பிடித்து விடச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு 10 முறை, மூச்சை அடக்காமல். பலன் தெரிகிறதா என்று பார்க்க, கால் நீட்டிப் படுத்திருக்கும்போது முட்டிக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். மறுகாலைவிட இந்தப் பக்கம் கை தாராளமாகப் போய் வந்தால் இன்னும் நீள வேண்டியிருக்கிறது.

எல்லோரும் எவ்வளவு மடங்குகிறது என்றுதான் கேட்கிறார்கள், எவ்வளவு நீள்கிறது என்று கேட்பவர் குறைவு. மடங்குவதும் முக்கியம்தான். சாதாரண நாற்காலியில் சிரமமில்லாமல் உட்கார்ந்து எழவே 90 டிகிரி, அதற்குச் சற்று மேலும் வேண்டும். இரண்டு வாரத்தில் 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110 டிகிரி அளவில் வந்தால் நல்ல போக்கு. அறுவைக்கு முன்பே விறைத்துப்போன முட்டிக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் குறையும். இங்கே நடக்கும் தவறு, பிசியோ வரும் அரை மணி நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கிவிட்டு மீதி நாள் முழுக்கக் காலை அசைக்காமல் வைத்திருப்பது. குதிகாலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையைப் போட்டு, கட்டிலில் அப்படியே வழுக்கி மடக்கி நீட்டுவதை நாளைக்கு ஐந்தாறு தடவை செய்தால் அதைவிட நிறையப் பலன் தரும். வீட்டில் யாராவது காலைப் பிடித்து அழுத்தி மடக்கவே கூடாது. மறுநாள் காலை முட்டி கூடுதலாக வீங்கியிருந்தால் முந்தின நாள் அளவு மீறியிருக்கிறது என்று அர்த்தம். பயிற்சியை நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள்.

வீட்டுக்குள் நாள் முழுக்க நடக்கிறேனே, தனியாகப் பயிற்சி எதற்கு என்பார்கள். நடக்கும்போது முட்டி 60, 70 டிகிரிதான் மடங்கும். வீங்கிய காலோடு அதிகம் நடந்தால் வீக்கம்தான் கூடும்.

வலி மாத்திரையை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது என்ற எண்ணம் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குப் பொருந்தாது. வலி உச்சிக்கு ஏறிய பிறகு போட்டால் அடங்க நேரமாகும். அதற்குள் அன்றைய பயிற்சி போய்விடும். எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரத்துக்குப் போட்டு, அரை மணி, முக்கால் மணி கழித்துப் பயிற்சி செய்யுங்கள். அதேசமயம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இன்னொரு வலி மாத்திரையைச் சேர்க்காதீர்கள். ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வராமலிருக்க ஏற்கெனவே ஒரு மருந்து ஓடிக்கொண்டிருக்கும். அதோடு டைக்ளோஃபெனாக் போன்றவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம், சிறுநீரகமும் பாதிக்கும்.

வீக்கத்துக்கு வெந்நீர்ப் பை வைப்பதும் தவறு. சூடு வீக்கத்தைக் கூட்டும். அதோடு, தையலுக்கு வெளிப்பக்கத் தோலில் ஒரு பகுதி மரத்துப்போயிருக்கும். சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள், காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி, முட்டியை நீட்டியபடி. பார்க்க வருகிறவர்களோடு நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதுதான் சாயங்கால வீக்கத்துக்குப் பாதிக் காரணம்.

வாக்கரின் உயரத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்றால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். தாழ்வாக இருந்தால் கூனி நடப்பார்கள், முட்டி மடங்கியே இருக்கும். எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது. நாற்காலியின் கையை ஊன்றி எழுந்த பிறகுதான் வாக்கர். முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த கால், பிறகு நல்ல கால். கைத்தடிக்கு மாறும்போது அதை அறுவை செய்த பக்கம் பிடிப்பதைத்தான் அதிகம் பார்க்கலாம். மறுபக்கக் கையில் பிடித்தால்தான் எடை குறையும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

விழுவது பெரும்பாலும் குளியலறை வாசலில், இரவில். மிதியடியை எடுத்துவிடுங்கள், தரையைத் தொடும் நைட்டியையோ வேட்டியையோ உயர்த்திக் கட்டுங்கள், ஒரு விளக்கு எரியட்டும். இந்திய முறைக் கழிப்பறை மட்டும் இருக்கும் வீட்டில் கமோடு நாற்காலியை அறுவைக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். சம்மணம், குந்துதல், தாழ்வான முக்காலி எதுவும் இப்போது வேண்டாம்.

அறுவைப் புண்ணுக்குப் பருப்பு, முட்டை ஆகாது, சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பதால் கெடுதல்தான். புண் ஆறவும் தொடைத் தசை மீளவும் புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பருப்பைவிட, பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஹார்லிக்ஸும் பழச்சாறும்தான் ஆபத்து.

தையலோ ஸ்டேப்ளரோ 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். அதுவரை மஞ்சள், எண்ணெய், பச்சிலை எதுவும் புண்ணில் படக் கூடாது. கெண்டைக்காலில் எண்ணெய் விட்டு அழுத்தி உருவுவது அதைவிட மோசம். அங்கே ரத்தக்கட்டு இருந்தால் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும். கெண்டைக்கால் கெட்டிப்பட்டு வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108.

புண்ணிலிருந்து நீர் கசிவது ஒரு வாரம் ஆகியும் நிற்காவிட்டால், நின்ற பிறகு மறுபடி கசிந்தால், சிவப்பு பரவினால், காய்ச்சல் வந்தால் பக்கத்து கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். மேலே காய்ந்ததுபோலத் தெரியும்; உள்ளே உலோகத்தின்மீது கிருமி படிந்துகொண்டிருக்கும். பிறகு மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தாலும் எந்தக் கிருமி என்று பிடிபடாமல் போகலாம். அறுவை செய்த மருத்துவர் பார்க்கும்வரை எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் உள்ளே கழுவிச் சுத்தம் செய்து செயற்கை மூட்டைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நாள் கடந்தால் கழற்ற வேண்டியிருக்கும். முட்டி சூடாக இருப்பது, நடக்கும்போது 'டக்' என்று சத்தம், மாதக்கணக்கில் லேசான வீக்கம் ஆகியவை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம்.

ஆறாவது வாரச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அப்போதும் 90 டிகிரி மடங்காத முட்டியை மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடும் வழி இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் செய்தால் நன்றாகப் பலன் தரும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் தழும்பு கெட்டிப்பட்டுவிடும்.