சூடு என்கிறோமே, தெர்மாமீட்டர் அதில் எதை அளக்கிறது?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் தெருமுனை டீக்கடையில் வேறு பேச்சே கிடையாது. போன வருஷம் ஒரு நாள், பக்கத்து வீட்டு மாமா பேப்பரையும் போனையும் சேர்த்து என் முன்னால் நீட்டினார். "ஏன் மாப்ளே, பேப்பர்ல 104ங்குறான், இதுல 40ங்குது. எவன் பொய் சொல்றான்?"

யாரும் பொய் சொல்லவில்லை. பேப்பரில் இருந்தது பாரன்ஹீட், போனில் இருந்தது செல்சியஸ். இரண்டும் ஒரே வெயில்தான். "மதுரையில் வெயில் சதமடித்தது" என்று போடுகிறார்களே, அந்தச் சதமும் பாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் அது 37.8. செல்சியஸில் சதமடித்தால் வைகையில் கிடக்கிற கொஞ்சநஞ்சத் தண்ணீரும் கொதித்துப் போயிருக்கும்.

எந்த அளவு என்று பார்க்காமல் வெறும் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. கொரோனா சமயத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டினார்கள். 36.2 என்று காட்டியது. "முப்பத்தாறுதானா? உடம்பு சில்லிட்டுப் போச்சா?" என்று பதறிவிட்டார். 98.6 என்றே கேட்டுப் பழகிய காது. அந்த 98.6 பாரன்ஹீட்தான் 37 செல்சியஸ்.

மாற்றிப் பார்க்க ஒரு மனக்கணக்கு உண்டு. செல்சியஸை இரண்டால் பெருக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32 கூட்டுங்கள். 40 என்றால் 80, அதில் 8 போக 72, கூட 32, ஆக 104. ஆனால் "வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் கூடியது" என்ற செய்திக்கு இதே கணக்கைப் போட்டு 35.6 என்று சொல்லிவிடக் கூடாது. அது வித்தியாசம், எனவே 32 வராது. கூடியது 3.6 பாரன்ஹீட் மட்டுமே.

இன்னொன்று, 40 டிகிரி என்பது 20 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு என்று நினைப்பது. செல்சியஸின் பூஜ்யம் சூடே இல்லாத இடம் அல்ல, தண்ணீர் உறையும் இடம். அதுவும் நாமாக வைத்துக்கொண்டது. 1742இல் சுவீடனின் ஆண்டர்ஸ் செல்சியஸ் முதலில் வகுத்தபோது தண்ணீர் கொதிப்பதற்கு 0, உறைவதற்கு 100 என்று தலைகீழாக வைத்திருந்தார். பின்னால்தான் திருப்பிப் போட்டார்கள். உண்மையான அடிமட்டம் மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். கெல்வின் அளவு அங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது. அதில் 20 டிகிரி என்பது 293, 40 டிகிரி என்பது 313. மடங்கு எல்லாம் இல்லை, ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல், அவ்வளவுதான்.

சரி, அப்படி எண்ணப்படுவது எது? அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டத்துக்குள் மாட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆளுக்கு ஆள் இடித்து, முண்டி, நகர்ந்துகொண்டே இருப்பார்கள். பொருளுக்குள் மூலக்கூறுகளும் அப்படித்தான். சராசரியாக ஒரு ஆள் எவ்வளவு வேகமாக முண்டுகிறார் என்பது வெப்பநிலை. கூட்டம் முழுவதும் முண்டும் முண்டலை மொத்தமாகக் கூட்டினால் கிடைப்பது வேறு கணக்கு. அதில் எத்தனை பேர் என்பதும் சேர்ந்துவிடும். ரிங் ரோட்டில் தண்ணீர் லாரி எவ்வளவு விரட்டினாலும் அந்த ஓட்டத்தால் தண்ணீரின் வெப்பநிலை கூடாது. கூட்டமே ஒரு பக்கமாக நகர்வதும் உள்ளே முண்டுவதும் ஒன்றல்லவே.

சிவகாசிக் கம்பி மத்தாப்பைப் பாருங்கள். அதன் பொறி 1000 டிகிரியையும் தாண்டும். கையில் ஒன்றிரண்டு தெறித்தால் சுருக்கென்று இருக்கும், தட்டிவிட்டுப் போய்விடுவோம். 90 டிகிரி டீ ஒரு தம்ளர் தொடையில் கொட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பொறியில் வெப்பநிலை அதிகம், பொருள் துளியூண்டு. டீயில் வெப்பநிலை குறைவு, ஆனால் தம்ளர் நிறைய இருக்கிறது. (இதைப் படித்துவிட்டு மத்தாப்பைப் பிள்ளைகள் கையில் விட்டுவிடாதீர்கள். பொறிதான் சிறிது, எரிந்து முடிந்த கம்பி அப்படி இல்லை.)

தொட்டுப் பார்த்துச் சொல்வதும் சரிப்படாது. மார்கழி விடியலில் அடுப்படியில் இருக்கும் எவர்சில்வர் தம்ளர் ஜில்லென்றும் பக்கத்து மரப்பலகை சாதாரணமாகவும் தோன்றும். ராத்திரி முழுக்க ஒரே அறையில் கிடந்தவை, ஒரே வெப்பநிலைதான். எவர்சில்வர் நம் விரலின் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்கிறது, மரம் அப்படி இழுப்பதில்லை. கோயில் பிராகாரத்தில் நடுப்பகலில் கல்லில் துள்ளிக் குதிப்பவர்கள் கயிற்று விரிப்பில் ஏறியதும் நிதானமாக நடப்பதும் இதே கதை, திசை மட்டும் எதிர்.

தெர்மாமீட்டரும் ஒரு விதத்தில் தொட்டுப் பார்க்கும் விரல்தான். அது தன் வெப்பநிலையைத்தான் சொல்லும். மொட்டைமாடியில் வெயிலில் வைத்துவிட்டு "50 காட்டுது, வானிலைக்காரங்க குறைச்சுச் சொல்றாங்க" என்பது வருஷாவருஷம் கேட்கும் புகார். வெயில் நேரடியாக விழுந்து கருவியே காய்ந்திருக்கிறது. வானிலை மையத்தில் காற்று புகும் வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், தரைக்கு மேலே ஆளுயரம் போல வைத்து அளப்பார்கள். அவர்கள் சொல்வது காற்றின் வெப்பநிலை.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார். "அப்ப மாம்பழம் சூடு, ஜிகர்தண்டா குளிர்ச்சிங்கிறது?" அந்தச் சூடு வேறு. கூடை மாம்பழம் தின்றபின் நாக்கின் அடியில் தெர்மாமீட்டர் வைத்தாலும் பழைய 98.6ஐ ஒட்டித்தான் காட்டும்.