டைட்டனின் புகாரும் சமதானிக் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சேர், டைட்டனில் பாரமான நைதரசன் பூமியைவிடக் குறைவுதானே? பூமியில் 272, அங்கே 168தானே இருக்கு?" சனியின் சந்திரனான டைட்டனைப் பற்றி உயர்தர இரசாயனவியல் வகுப்பில் மாணவி ஒருத்தி கேட்டாள். வெண்கட்டியைத் தேடிக்கொண்டிருந்த நான் "ஓம்" என்று தலையாட்டிவிட்டேன். சைக்கிளை மிதித்துக் கொக்குவில் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அடுத்த வகுப்பில் முதல் வேலையாக அந்த "ஓம்" ஐத் திரும்பப் பெற்றேன்.

சமதானிகள் என்றால் ஒரே மூலகத்தின் திணிவு வேறான அணுக்கள்; நைதரசனில் 14 இலேசானது, 15 பாரமானது. அவள் சொன்ன எண்கள், நைதரசன்-14 ஐ நைதரசன்-15 ஆல் வகுத்தால் வருபவை. பாரமானது பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, இருக்கிறது. எண் சிறுத்தால் பாரமானது கூட என்றுதான் அர்த்தம். பூமியின் வளியில் 272 இலேசான அணுவுக்கு ஒரு பாரமான அணு. டைட்டனில் சுமார் 168க்கே ஒன்று. ஆயிரத்துக்கு எவ்வளவு என்று சொல்லும் டெல்டா முறையில் எழுதினால், பூமியின் வளியைவிட ஏறத்தாழ 620 கூட. டெல்டாவில் எண் பெருத்தால் பாரமானது கூட, விகிதத்தில் தலைகீழ். ஒரே அட்டவணையில் இரண்டையும் கலந்து எழுதினால் எழுதியவரே குழம்புவார்.

சரி, புகார் என்றால்? தமிழகத்து நண்பர்கள் பொலிஸ் நிலையத்தை நினைப்பார்கள்; எங்களுக்கு அது முறைப்பாடு. நான் சொல்வது டைட்டனைச் செம்மஞ்சளாகக் காட்டும் மூட்டத்தை. மேல்வளியில் நைதரசனும் மெதேனும் சூரிய ஒளியால் உடைந்து, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் திண்மத் துணிக்கைகளாகின்றன. ஆய்வுகூடத்தில் அதைப்போலச் செய்யும் பொருளுக்கு கார்ல் சேகனும் பிஷுன் கரேயும் 1979இல் தோலின் என்று பெயர் வைத்தார்கள்.

எல்லாரும் வழுக்குகிற பெரிய இடம் இனித்தான் வருகிறது. "டைட்டனின் நைதரசன் விகிதம்" என்று ஒரே எண்ணைச் சொல்லிவிடுவது. எந்த மூலக்கூறில்? 168 என்பது 2005 ஜனவரி 14இல் இறங்கிய ஹைகன்ஸ் கலம் நைதரசன் வாயுவில் அளந்தது. அதே வளியில் நைதரசனைக் கொண்ட இன்னொரு வாயுவான ஐதரசன் சயனைட்டை அளந்தால் 60, 70 என்று வருகிறது. அதாவது பாரமான நைதரசன் இரண்டு மடங்குக்கும் மேல் கூட. அளவீடு பிழைக்கவில்லை, காரணம் ஒளியில் இருக்கிறது.

காங்கேசன்துறை வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். யாழ் பஸ் நிலையத்திலிருந்து ஒரு பஸ் காங்கேசன்துறைக்கு, ஒன்று கீரிமலைக்கு. இரண்டிலும் ஒரே அளவு இருக்கைகள். எல்லாத் தரிப்பிடத்திலும் காங்கேசன்துறைக்காரர் பலர், கீரிமலைக்காரர் சிலர் என்று வைப்போம். முதல் பஸ் நிலையத்திலேயே நிரம்பிவிடும். இணுவிலில் நிற்கிற காங்கேசன்துறைக்காரருக்கு இடமில்லை. கீரிமலைக்காரர் ஏறி உட்கார்ந்துகொண்டு போவார். ஊரில் சிலராக இருப்பவர்கள் இணுவிலில் ஏறுபவர்களில் பலராகிவிடுவார்கள். இருக்கை என்பது புறஊதா ஒளி. இரண்டு வகை நைதரசன் மூலக்கூறும் 100 நானோமீற்றருக்குக் குறைந்த, சற்றே வேறுபட்ட அலைநீளங்களை உறிஞ்சி உடைகின்றன. இலேசான மூலக்கூறுக்குரிய ஒளி மேலேயே தீர்ந்துவிடும். பாரமான அணுவைக் கொண்டதற்குரிய ஒளி ஆழத்துக்கு வரும். அந்த ஆழத்தில் உடைந்து வருகிற அணுக்களில் பாரமானவை அதிகம், அவை ஐதரசன் சயனைட்டுக்குள் போகின்றன. இதைத் தற்கவசம் என்று சொல்லலாம்.

168 ஐப் பார்த்ததும் "இலேசானது விண்ணுக்குத் தப்பிவிட்டது" என்று எழுதுவதும் அவசரம்தான். சூரியனில் இந்த விகிதம் சுமார் 441. வால்வெள்ளிகளின் அமோனியாவில் 130ஐ ஒட்டி. டைட்டனின் நைதரசன் அப்படியான அமோனியாப் பனியிலிருந்து வந்திருந்தால், பிறப்பிலேயே அது பாரமாகத்தான் இருந்திருக்கும். தப்பிப்போனது எவ்வளவு என்று சொல்ல முதலில் தொடக்க எண் வேண்டும்.

மூலக்கூறுகளைத் திணிவின்படி பிரித்துக் காட்டும் திணிவு நிறமாலைமானியில் 17 என்ற கோட்டைக் கண்டதும் காபன்-13 மெதேன் என்று குறிப்பவர்களும் உண்டு. டியூட்டீரியம் என்ற பாரமான ஐதரசன் ஏறிய மெதேனும் 17, அமோனியாவும் 17. தசமத்தில்தான் வித்தியாசம், முழு எண்களை மட்டும் பிரிக்கிற கருவிக்கு அவை ஒன்றேதான்.

காபனில் இன்னொரு ஆசை: இலேசான காபன் கூடினால் உயிர் என்பது. டைட்டன் மெதேனில் காபன்-12க்கும் காபன்-13க்கும் விகிதம் சுமார் 91, பூமியின் நியமம் 89ஐ ஒட்டி. அளவீட்டு வழு ஒன்றரை அளவுக்கு இருக்கும்போது இந்த இடைவெளியை வைத்து உயிரைத் தேட முடியாது. உயிரில்லாத தாக்கங்களும் சமதானிகளைப் பிரிக்கும்.

புளூட்டோவிலும் புகார் உண்டு. 2015 யூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் படமெடுத்தது. அங்கே ஐதரசன் சயனைட்டின் நைதரசன் விகிதத்தைச் சிலர் 125 என்று எழுதுகிறார்கள். அது கீழ் எல்லை: பாரமான வகையின் கோடு தென்படாததால் "125க்கு மேல்" என்றுதான் சொல்ல முடிந்தது.

அந்த மாணவி விடவில்லை. "அப்ப புகாருக்கு எத்தனை சேர், 168ஆ 60ஆ?" இரண்டையும் போடக்கூடாது. நைதரசன் புகாருக்குள் நுழையும் வழிகளில் ஐதரசன் சயனைட்டு ஒன்று, ஒன்று மட்டும்தான். ஆய்வுகூடத்தில் மின்னிறக்கத்தால் செய்த தோலின்களோ, தாம் உருவான வாயுவைவிட ஆயிரத்துக்கு 15 முதல் 25 வரை இலேசாக வந்திருக்கின்றன, எதிர்த் திசையில். மின்னிறக்கத்தில் தற்கவசம் இல்லையே. அந்தரத்தில் மிதக்கும் உண்மையான துணிக்கையின் விகிதத்தை இன்னும் எந்தக் கருவியும் அளக்கவில்லை. ஹைகன்ஸ் துணிக்கைகளைப் பிடித்துச் சூடாக்கியபோது அமோனியாவும் ஐதரசன் சயனைட்டும் வந்தன என்பதோடு நிற்கிறது. கரும்பலகை அட்டவணையில் புகாருக்கு ஒரு வரி கீறி, எண்ணுக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டேன். அவள் கொப்பியிலும் அப்படியே விட்டாள்.