மாடல் கிட் பெயிண்டில் பிரஷ் கோடு விழாமல் இருக்க

அக்ரிலிக் பெயிண்டைத் தட்டில் ஊற்றாமல், ஈரப் பெட்டியில் வைத்து எடுங்கள். தட்டையான டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்சைப் பரப்பி, மேலே பேக்கிங் பேப்பரைக் குமிழி இல்லாமல் விரித்து, அதன் மேல் பெயிண்டைச் சொட்டு விட்டால் போதும். மெழுகுத்தாள் உதவாது, ஈரம் மேலே ஏறாது.

தண்ணீரில் கரையும் இந்த அக்ரிலிக்கில் தண்ணீர் நிறையவே இருக்கும். காரைக்குடிப் பக்கத்துச் சித்திரை வெயிலில், அதுவும் முற்றத்து வெளிச்சத்தில் உட்கார்ந்தால், அந்தத் தண்ணீர் தட்டிலேயே வற்றிப் பெயிண்ட் கெட்டியாகிவிடும். கெட்டிப் பெயிண்ட் பரவிச் சமனாகும் முன்பே காய்வதால்தான் கோடு நிற்கிறது. பேப்பர் வழியாக ஈரம் ஏறிக்கொண்டே இருந்தால் பதம் மாறாது. மூடி வைத்தால் கலந்த நிறம் மறுநாளும் உதவும். இந்தச் சின்ன பாட்டில்கள் விற்கிற விலைக்கு அதுவே லாபம்.

பால் பதத்தில் மெல்லிசாகப் பூசுங்கள். முதல் கோட் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், சரி, அப்படியே காய விடுங்கள்; அடுத்தடுத்த கோட்டில் சமனாகும். நம்மூர் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரின் வழவழப்பும் பல பூச்சில் வந்ததுதானே! பாதி காய்ந்த இடத்தில் மட்டும் திரும்பத் தேய்க்காதீர்கள், சுருண்டு வரும். கிட்டின் பிளாஸ்டிக் பாகங்களை முன்பே பாத்திர சோப்பில் கழுவியிருக்க வேண்டும். வார்க்கும்போது அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய் இருந்தால் பெயிண்ட் ஒட்டாது.

எனாமல், லாக்கர் பெயிண்டுகளுக்கு இது பயன்படாது, அவை தண்ணீரில் கரைவதில்லை. வெள்ளி, தங்க நிற அக்ரிலிக்கையும் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்; மினுக்குத் தூள் ஈரத்தில் பரவி மற்ற நிறங்களோடு கலந்துவிடும்.