மணி அடித்து வெளியே போகக் கேட்கும் நாய்: பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியே போக வேண்டும் என்பதைக் கதவடியில் மணி தட்டிச் சொல்ல ஏறக்குறைய எந்த நாயையும் பழக்கலாம். நாய் விளங்கிக்கொள்ள வேண்டியவை இரண்டு: மணியைத் தட்டினால் கதவு திறக்கும், திறந்த கதவால் போவது சிறுநீர், மலம் கழிக்க. இந்த இரண்டில் ஒன்றை வீட்டாரே அறியாமல் குழப்பிவிடுவதால்தான் பழக்கம் கெடுகிறது. நாயின் மூளையில் குறை தேட வேண்டியதில்லை.

முதல் தவறு அவசரம். மணி, அடக்கும் சக்தியைக் கொடுக்காது. குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் அது தாங்கக்கூடிய உச்ச மணித்தியாலம் ஏறத்தாழ அவ்வளவுதான். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலமே எல்லை, விழித்திருந்து ஓடியாடும்போது அதுவும் இல்லை. தூங்கி எழுந்தவுடன், விளையாட்டு முடிந்தவுடன், சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடத்துக்குள் நீங்களாகவே அதை வெளியே கொண்டுபோக வேண்டும். நாலைந்து நாள் நேரங்களை ஒரு தாளில் குறித்துவந்தால் அதன் ஒழுங்கு தெரியும். அது தெரிந்த பிறகு மணியைத் தொங்கவிடுங்கள். தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைத் தெருநாய்கள் நடமாடும் ஒழுங்கையில் இறக்கவேண்டாம். குட்டிகளுக்குக் கொடிய வயிற்றோட்டம் தரும் பார்வோ வைரஸ் மண்ணிலேயே நீண்ட காலம் உயிரோடு கிடக்கும். அதுவரை சொந்த முற்றமோ, பல்கனியில் புல் வைத்த தட்டோ போதும்.

அடுத்தது மணி தொங்கும் இடம். பலர் கதவின் கைப்பிடியில் கட்டுகிறார்கள். அப்போது யார் வந்தாலும் போனாலும் அது ஒலிக்கும். கிரில் கதவில் கட்டினால் கொழும்பில் மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் கடற்காற்றே நாள் முழுக்க அடிக்கும். வீட்டாரின் காது அந்தச் சத்தத்துக்குப் பழகி, நாய் உண்மையாகத் தட்டும்போதும் எழும்பமாட்டார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில், நாயின் மூக்கு உயரத்தில், ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். செட்டியார் தெருப் பக்கம் வாங்கும் சின்னச் சலங்கை மணிகளை நூலில் கோத்துக் கட்டுவது ஆபத்து: குட்டி கடித்து விழுங்கிவிடும். வாய்க்குள் அடங்காத ஒற்றை மணியைத் தடித்த நாடாவில் கட்டுங்கள். சுவாமி அறையில் தினமும் மணி அடிக்கும் வீடென்றால், அதிலிருந்து தெளிவாக வேறுபட்ட ஒலியைத் தேர்ந்தெடுங்கள்.

பழக்கும் முறையில் நடக்கும் பிழை, நாயின் காலைப் பிடித்து மணியில் தட்டவைப்பது. அது கற்றுத்தருவது காலைப் பிடித்தால் இழுக்க வேண்டும் என்பதை மட்டுமே. மணியைக் கையில் எடுத்து மூக்குக்கு ஓர் அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். அது முகர வந்து தொட்ட உடனே, ஓரிரு செக்கனுக்குள், அரைக் கச்சான் அளவு அவித்த கோழியைக் கொடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. சத்தத்துக்குப் பயந்தால் மணியின் நாக்கில் பஞ்சு சுற்றி, நாளாக நாளாகக் குறையுங்கள். கருவாட்டைப் பரிசாகக் கொடுக்கவேண்டாம். அந்த உப்புக்குத் தண்ணீர் குடித்து, வழமைக்கு மேல் சிறுநீர் கழிக்கும்.

கையில் தட்டப் பழகியதும் மணி சுவருக்குப் போகிறது. இங்கேதான் பெரிய பிழை நேர்கிறது: தட்டலுக்கு இன்னும் இறைச்சி கொடுத்துக்கொண்டே இருப்பது. நாய் பசிக்கும்போதெல்லாம் மணி அடிக்கும். சுவருக்குப் போன நாளிலிருந்து தட்டலுக்குக் கூலி கதவு திறப்பது மட்டுமே. இறைச்சி வெளியே, கழித்து முடித்த அந்த இடத்தில். வீட்டுக்குள் திரும்பி வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று நாய் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை வெளியே போகுமுன்னும் அதைத் தட்டவையுங்கள், விட்டுவிட்டுச் செய்தால் தொடர்பு பிடிக்காது.

தட்டினால் உடனே எழும்புங்கள். ‘இந்த நாடகம் முடியட்டும்’ என்று இரண்டு தடவை காக்கவைத்தால், மூன்றாம் தடவை அது மணியை விட்டுக் கதிரைக்குப் பின்னால் போகும். தொடர்மாடியில் இது இன்னும் கடினம். ஏழாம் மாடியிலிருந்து லிப்ட் வந்து கீழே போகச் சில நிமிடமாகும். கழுத்துப்பட்டி, வார், செருப்பு, சொப்பிங் பை, வீட்டுத் திறப்பு எல்லாம் கதவடியிலேயே இருக்கவேண்டும். குட்டியை லிப்டில் நிற்கவிடாமல் தூக்கிக்கொள்ளுங்கள்.

உலாவப் போகத்தான் அடிக்கிறது என்ற முறைப்பாடு அடிக்கடி வருவது. அதற்காக மணியைப் புறக்கணிப்பது தவறு. பயணத்தைச் சலிப்பாக்குவதே சரி. வாரில் கட்டி எப்போதும் அதே இடத்துக்குப் போய், பேசாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எதுவும் நடக்காவிட்டால் திரும்பி வாருங்கள். கழித்தால் பாராட்டி, அதன் பிறகு உலாத்துங்கள். கழித்த கையோடு வீட்டுக்கு இழுத்துவந்தால், வெளியே இருக்கும் நேரத்தை நீட்ட நாய் அடக்கிவைக்கப் பழகும்.

மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையில் தட்டிய நாய் வாசலில் நனைந்த நிலத்தைப் பார்த்துப் பின்வாங்கும். அப்படியே உள்ளே விட்டால் பத்து நிமிடத்தில் தரை நனையும். குடையோடு போங்கள், கார் நிறுத்தும் கூரையடிபோல ஒதுக்கமான இடமொன்றை முன்பே பழக்கி வையுங்கள். தேங்கிய வெள்ளத்தில் இறக்கவேண்டாம், எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும்.

வீட்டுக்குள் பெய்துவிட்டால் அடிப்பதும் மூக்கைத் தேய்ப்பதும் எல்லாவற்றையும் பாழாக்கும். உங்கள் முன்னால் பெய்தால்தான் அடி என்று நாய் கணக்கெடுத்து, வெளியிலும் உங்கள் எதிரில் கழிக்கத் தயங்கும். வாசனைத் திரவத்தால் துடைப்பது மனித மூக்கை மட்டுமே ஏமாற்றும். அமோனியா உள்ளது இன்னும் மோசம், அது சிறுநீர் வாடையையே ஒத்தது. நொதியம் கலந்த, செல்லப்பிராணிகளுக்கான துப்புரவுத் திரவமே மணத்தை முறிக்கும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பாவியுங்கள். அம்மம்மா ‘வெளியே’ என்றும், வேலைக்கு வருபவர் சிங்களத்தில் ‘எளியட்ட’ என்றும் சொன்னால் நாய் மெதுவாகத்தான் கற்கும். பகலில் கட்டியோ கூட்டில் அடைத்தோ வளர்க்கும் நாய்க்கு மணி எட்டாது. அதனிடம் குறிப்பை எதிர்பார்ப்பது அநியாயம், நேரம் பார்த்து நீங்கள்தான் அவிழ்த்துக் கொண்டுபோக வேண்டும். இரவில் அறைக் கதவைச் சாத்திக் குளிரூட்டியைப் போட்டுப் படுத்தால் கூடத்து மணி கேட்காது. குட்டி உங்கள் கட்டிலடியில் படுக்கட்டும்.

ஒழுங்காக இருந்த நாய் திடீரென மணிக்கு மேல் மணி அடித்துச் சொட்டுச் சொட்டாகப் பெய்தாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ பழக்கத்தில் பிழை தேடவேண்டாம், தண்ணீரையும் குறைக்கவேண்டாம். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். முக்கியும் ஒரு துளி வராவிட்டால் அடுத்த நாள் வரை காத்திருக்காமல் அப்போதே கொண்டுபோங்கள்.