ரேபிஸ் சோதனை ஸ்லைடில் செல்கள் நடுவில் குவிந்தன: என் அனுபவம்

ரேபிஸ் தடுப்பூசி போட்டவரின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் எவ்வளவு என்று பார்க்கும் ஆர்எஃப்எஃப்ஐடி சோதனைக்கு பிஹெச்கே-21 என்னும் வெள்ளெலிக் குட்டியின் சிறுநீரகச் செல்களை வளர்க்கிறேன். எட்டுக் குழி ஸ்லைடில் சீரத்தையும் (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) சிவிஎஸ்-11 என்னும் ஆய்வக ரேபிஸ் வைரஸையும் 90 நிமிடம் ஒன்றாக வைத்த பிறகு செல்களைச் சேர்ப்போம். மறுநாள் ஒளிர் நுண்ணோக்கியில் குழிக்கு 20 புலங்கள் (ஒரு பார்வையில் தெரியும் பகுதிகள்) பார்த்து, எத்தனையில் வைரஸ் தெரிகிறது என்று எண்ணுவோம். ஒருவருக்குப் போதுமான எதிர்ப்புப் பொருள், அதாவது மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு (ஐயு/மிலி), இருக்கிறதா என்பதை இந்த எண்ணிக்கைதான் சொல்லும். செல் படலம் சீராக இல்லையென்றால் அதை நம்பவே முடியாது.

எங்கள் ஸ்லைடுகளில் செல்கள் நடுவில் குவிந்து, ஓரத்தில் வெறும் கண்ணாடி தெரிந்தது. செல்களைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி இல்லை. இறந்த செல்களை நீலமாக்கிக் காட்டும் டிரிப்பான் புளூ சாயத்தில் செல்களின் உயிர்ப்பும் நன்றாகவே இருந்தது.

சரி, செல்லில் குறையில்லை என்றால் அவை படியும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஸ்லைடை வட்டமாகச் சுழற்றினால் செல்கள் நடுவுக்குப் போய்ச் சேரும். செல்களை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டியான இன்குபேட்டரின் விசிறி தரும் அதிர்வும் அவற்றை நகர்த்தும். குளிர்ந்த திரவம் சட்டென்று சூடாகும்போது உள்ளே ஏற்படும் ஓட்டமும் அப்படித்தான்.

அதனால் ஊடகத்தை (செல்கள் வளரும் திரவத்தை) முன்பே 37 டிகிரிக்குச் சூடாக்கினோம். முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டில் மட்டும் மெதுவாக அசைத்தோம். பாதுகாப்புப் பெட்டிக்குள்ளேயே சிறிது நேரம் அசையாமல் வைத்து, அப்புறம்தான் இன்குபேட்டருக்கு மாற்றினோம். ரசமட்டம் வைத்து இன்குபேட்டர் தட்டையும் சமன் செய்தோம்; எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது. வைரஸ் இல்லாத ஸ்லைடுகளில் முதலில் இதையெல்லாம் சோதித்தோம். படலம் ஓரம் வரை சமமாக வந்த பிறகே நோயாளிகளின் மாதிரிகளை எடுத்தோம்.