55 பெல் ஏரில் இறங்காத பெட்ரோல் முள்

1955 ஷெவர்லே பெல் ஏர். உடம்பு பழசு, உள்ளே எல்.எஸ். எஞ்சின் (ஜெனரல் மோட்டார்ஸின் புதுக்கால வி8), ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், அதற்கேற்ற புது டேங்க். எல்லாம் சரி, பெட்ரோல் முள் மட்டும் 'ஃபுல்'லைத் தாண்டி ஓரத்தில் முட்டிக்கொண்டே நின்றது.

முதல் சந்தேகம் எர்த் மேல், அதாவது வண்டியின் இரும்பு உடம்போடு சேரும் மின் இணைப்பு மேல். இந்த மீட்டரில் எர்த் கெட்டால் முள் மேலேதான் ஏறும். புது பெயின்ட் அடித்த வண்டியில் சகஜம், பெயின்ட் இணைப்பைத் தடுக்கும். பெயின்ட்டைச் சுரண்டி, டேங்கிலிருந்து சேஸிக்குத் தனி ஒயர் இழுத்தேன். பலனில்லை. டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்த்து மின்தடையை மாற்றும் மிதவை சென்சாருக்குப் போகும் ஒயரை நேராக எர்த்தில் தொட்டால் முள் காலிக்கு ஓடியது. ஆக மீட்டரும் ஒயரும் நல்லாத்தான் இருந்தன.

துப்பு கிடைத்தது ஓட்டும்போது. டேங்கில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சிய பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும். அப்புறம் காலி வரை ஒழுங்காக இறங்கும். ஃபுல் டேங்கில் மிதவை சென்சாரை அளந்தேன்: 88 ஓம். 1955 வண்டியின் பெட்ரோல் மீட்டருக்கு வேண்டியது காலிக்கு 0 ஓம், ஃபுல்லுக்கு 30. அதனால்தான் சென்சார் 30-க்குக் கீழே வரும்வரை முள் அசையவில்லை. டேங்கோடு வந்தது பிந்தைய வண்டிகளுக்கான 0-90 ரகம். பெட்டியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

45 ஓம் ரெசிஸ்டரை இணையாகப் போட்டால் ஃபுல் சரியாகும், ஆனால் பாதி டேங்கை முக்கால் என்று காட்டும். அதனால் 0-30 சென்சாரே வாங்கினேன். மாட்டுவதற்கு முன் வெளியிலேயே ஒயர் கொடுத்து மிதவையைக் கையால் தூக்கிப் பார்த்தேன். முள் கூடவே வந்தது. அப்பாடா!