ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுடன் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை இடைநீக்கம் செய்யப்பட்ட பிள்ளையின் வீட்டில், விண்ணப்பக் காலம் நெருங்கியதும் எழும் முதல் கேள்வி, இதைக் கல்லூரியிடம் சொல்ல வேண்டுமா என்பதுதான். அதற்கும் முன்னதாக, கோப்பில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். மாணவர் கல்விப் பதிவுகளின் தனியுரிமை பற்றிய 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா (FERPA) என்ற அமெரிக்கச் சட்டப்படி, பெற்றோர் கேட்டால் பள்ளி 45 நாள்களுக்குள் பதிவுகளைக் காட்டியாக வேண்டும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால் அந்த உரிமை பிள்ளைக்குரியதாகிவிடும். பதிவில் தேதியோ நாள் கணக்கோ பிழையாக இருந்தால் திருத்தக் கோரலாம், பள்ளி மறுத்தால் விசாரணை கேட்கலாம், அதிலும் தோற்றால் உங்கள் விளக்கத்தைக் கோப்பிலேயே இணைக்கச் செய்யலாம். ஆனால் தண்டனை அதிகம் என்று வாதாட இந்தச் சட்டம் இடம் தராது.

அடுத்தது, விண்ணப்பத்தில் உள்ள கேள்வியை எழுத்தெண்ணிப் படிப்பது. பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் இணையத்தளமான காமன் ஆப் (Common App) தன் பொதுப் பகுதியிலிருந்து பள்ளி ஒழுங்கு பற்றிய கேள்வியை 2021-22 பருவத்தில் நீக்கிவிட்டது. இருப்பினும் ஒவ்வொரு கல்லூரியும் தனது கூடுதல் கேள்விகளில் அதைக் கேட்கலாம். இடைநீக்கமும் வெளியேற்றமும் மட்டும் கேட்கப்பட்டிருந்தால், வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் உட்கார வைத்ததை எழுத வேண்டியதில்லை. கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொன்னால் போதும். கேட்டும் மறைத்தது பின்னர் தெரியவந்தால், கிடைத்த இடமே பறிபோகக்கூடும். பழைய இடைநீக்கத்தைவிட அது பெரிய இழப்பு.

பள்ளி ஆலோசகரையும் முன்கூட்டியே சந்தியுங்கள். மாணவர் சேர விரும்பும் கல்லூரிக்குத் தனி ஒப்புதல் பெறாமலே பதிவுகளை அனுப்ப ஃபெர்பா பள்ளியை அனுமதிக்கிறது. அனுப்புவதும் அனுப்பாததும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆலோசகர் கல்லூரிக்கு எழுதுவதும் பிள்ளை எழுதுவதும் முரண்படக் கூடாது.

விளக்கம் எழுதும்போதுதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். "ஒரு தவறான புரிதலால் என்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற வாக்கியத்தில் செய்தவரே இல்லை. படிப்பவருக்கு அது உடனே உறைக்கும். "பத்தாம் வகுப்பு வேதியியல் தேர்வில் பக்கத்து மேசை விடைத்தாளைப் பார்த்து எழுதினேன், மூன்று நாள் இடைநீக்கம் பெற்றேன். அந்தப் பாடத்தில் பின்தங்கியிருந்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், மறு வாரம் முதல் ஆசிரியரிடம் தனியே கற்கத் தொடங்கினேன்" என்று எழுதினால் செயல், தண்டனை, காரணம், மாற்றம் நான்கும் சில வரிகளில் அடங்கிவிடுகின்றன. ஆசிரியரைக் குறை கூறும் வரி ஒன்றுகூட வேண்டாம், அது நியாயமானதாகவே இருந்தாலும். பெற்றோர் எழுதிக் கொடுப்பதும் வேண்டாம். நாற்பது வயதுக்காரரின் நடை பதினேழு வயதுப் பிள்ளையின் விளக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

விண்ணப்பம் அனுப்பிய பிறகு புதிதாக ஏதேனும் நடந்தால், அதைத் தெரிவிக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் நிபந்தனை வைக்கின்றன. அப்போது ஆலோசகரின் ஆண்டிறுதி அறிக்கை போய்ச் சேருவதற்குள், மாணவரே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிவிடுவது நல்லது.